லிப்போசோம் தடுப்பாற்றல் சோதனை

லிப்போசோம் தடுப்பாற்றல் சோதனை என்பது, மிகக் குறைந்த அளவில் உள்ள பொருள்களைக் கண்டறிய நுண்ணிய கொழுப்புப் பைகளைப் பயன்படுத்தும் ஆய்வக முறையாகும். இப்பைகளே லிப்போசோம்கள். பிரித்தானிய அறிவியலாளர் அலெக் பாங்கம் 1960களில் இவற்றை விவரித்தார்.

அமைப்பு

பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் தலை நீரை விரும்பும். வால்கள் நீரை விலக்கும். நீரில் இட்டால் இம்மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து இரட்டைப் படலமாகி, சிறிது நீரை உள்ளடக்கிய கோளமாக மூடிக்கொள்ளும். அந்நீரில் சாயமோ நொதியோ இருந்தால் அதுவும் உள்ளே அடைபடும்.

நுண்ணுணர்வுக்குக் காரணம்

எதிர்ப்பொருள் ஒன்றில் சாய மூலக்கூறுகளை நேரடியாகப் பிணைத்தால் சிலவற்றையே பிணைக்க முடியும். ஆனால் 200 நானோமீட்டர் விட்டமுள்ள லிப்போசோமில், லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள சாயக் கரைசலை நிரப்பினால், கணக்குப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சாய மூலக்கூறுகள் இருக்கும். லிப்போசோமின் மேற்பரப்பில் எதிர்ப்பொருளைப் பொருத்திவிட்டால், அது தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும். பின்னர் படலத்தைக் கரைக்கும் சலவைப்பொருள் சேர்த்தால் சாயம் முழுவதும் உடனே வெளிவரும். கார்பாக்சிபுளோரெசீன் போன்ற சாயங்கள் பைக்குள் நெருக்கமாக இருக்கையில் மங்கலாகவும், வெளியேறி நீர்த்தபின் பிரகாசமாகவும் ஒளிரும்.

மருத்துவப் பயன்பாடு

இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்களின் மொத்தச் செயல்திறனை அளக்கும் சிஎச்50 சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரபான முறையில் செம்மறி ஆட்டின் சிவப்பணுக்கள் பயன்படுகின்றன. லிப்போசோம் முறையில், ஆன்டிஜென் பதித்த, நொதி அடைத்த லிப்போசோம்களுடன் எதிர்ப்பொருளும் நோயாளியின் சீரமும் சேர்க்கப்படும். எதிர்ப்பொருள் ஆன்டிஜெனுடன் இணைந்ததும் சீரத்தின் நிரப்புப் புரதங்கள் தூண்டப்பட்டுப் படலத்தில் துளையிடும். வெளியேறும் நொதியின் வினை 340 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படும். லூப்பஸ் நோய் தீவிரமாகும்போது நிரப்புப் புரதங்களின் அளவு குறைவதுண்டு. எனவே இவ்வளவீடு சிகிச்சைக்கு உதவுகிறது.

குறைபாடுகள்

லிப்போசோம்கள் நாளடைவில் கசியலாம், உறைந்தால் உடையலாம், லிப்பிடுகள் ஆக்சிசனால் சிதையலாம். சிஎச்50 சோதனையில் நொதி தானாகக் கசிந்தால், குறைந்திருக்கும் செயல்திறன் இயல்பானதாகத் தோன்றி நோயாளியின் உண்மை நிலையை மறைத்துவிடக்கூடும். ஆகவே சீரம் சேர்க்காத வெற்று மாதிரியையும் உடன் அளந்து ஒப்பிடுவது இன்றியமையாதது. படலத்தில் கொலஸ்டிரால் சேர்ப்பது கசிவைக் குறைக்கும்.