கரண்டி ஆணா, பெண்ணா?

சிங்கப்பூரின் காத்தோங் லக்சாவில் நூடல்ஸை நறுக்கியே போடுகிறார்கள். குச்சியும் வேண்டாம், முள்கரண்டியும் வேண்டாம். கிண்ணம் காலியாகும்வரை ஒரு கரண்டியே போதும். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கரண்டி ‘லொஃபெல்’. ஆனால் இந்தச் சொல்லை மட்டும் உருப்போட்டுக்கொண்டு போனால் ஜெர்மனியில் ஒரு கரண்டியைச் சரியாகக் கேட்டு வாங்க முடியாது. அங்கே கரண்டி ஆண்பால், ‘டேர் லொஃபெல்’. முள்கரண்டி பெண்பால், ‘டீ காபெல்’. கத்தியோ இரண்டிலும் சேராத மூன்றாம் பால், ‘டாஸ் மெஸ்ஸர்’. தமிழில் பால், பொருளைப் பார்த்து வருவது. அஃறிணைப் பொருளுக்கு ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. ஜெர்மன் பாலுக்கும் பொருளுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது.

விகுதியைப் பார்த்தே பாலைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். ஓரளவு உண்மைதான். ‘உங்’, ‘ஹைட்’ என்று முடிபவை பெண்பால். சிறியதைக் குறிக்கும் ‘ஷென்’ விகுதி வந்தால் மூன்றாம் பால். ஆனால் அன்றாடம் புழங்கும் சின்னச் சொற்களிடம் இந்த விதி செல்லாது. லொஃபெல், காபெல் இரண்டுமே ஒரே மாதிரிதான் முடிகின்றன. ஒன்று ஆண், மற்றது பெண். அதைவிட முக்கியமானது வேற்றுமை. தமிழில் கரண்டியை, கரண்டியால் என்று சொல்லின் வால் மாறும். ஜெர்மனில் பெரும்பாலும் சொல் அசையாமல் நிற்க, அதன் முன்னால் வருவது மாறும். எழுவாயானால் ‘டேர் லொஃபெல்’. எனக்கு ஒரு கரண்டி வேண்டும் என்றால் ‘ஐனென் லொஃபெல்’. கரண்டியால் சாப்பிடுகிறேன் என்றால் ‘மிட் டேம் லொஃபெல்’. இரண்டு கரண்டி என்றாலும் லொஃபெல்தான். ஆக, பெயர்ச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்கிறவர் மாறாத பகுதியைப் படித்துவிட்டு, மாறுகிற பகுதியைக் கோட்டைவிடுகிறார்.

பால் பிழைத்தாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுமே என்றும் கேட்கலாம். முதல் வாக்கியத்தில் புரியும். அடுத்த வாக்கியத்தில்தான் வம்பு. மேசையில் கரண்டியும் முள்கரண்டியும் இருக்கும்போது ஜெர்மனில் ‘அவன் அழுக்காக இருக்கிறான்’ என்றால் கரண்டியை மாற்றுவார்கள், ‘அவள்’ என்றால் முள்கரண்டியை. லொஃபெல் என்ற சொல்லின் உண்மையான வேடிக்கை சாப்பாட்டு மேசைக்கு வெளியே இருக்கிறது. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் முயலின் நீண்ட காதுகளை லொஃபெல் என்பார்கள். வடிவத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும். அதிலிருந்து மனிதக் காதுக்கும் அது பேச்சுவழக்காகிவிட்டது. நாம் காதைத் தீட்டிக்கொள்வதுபோல அவர்கள் லொஃபெலைத் தீட்டிக்கொள்வார்கள். ஒருவன் லொஃபெலைக் கொடுத்துவிட்டான் என்றால் மண்டையைப் போட்டுவிட்டான் என்று பொருள். துக்க வீட்டில் எடுக்கக் கூடாத பேச்சு. அகராதியின் முதல் அர்த்தத்தோடு நிற்பவருக்கு இவற்றில் ஒன்றும் பிடிபடாது. நம் கொத்தனார் கையிலிருக்கும் கரண்டியைச் சமையல் கரண்டி என்று எண்ணுகிறவருக்கும் இதே கதிதான்.

சூழலோடு சேர்த்துக் கற்பது புது உத்தியல்ல. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. மணலுக்குப் பிறகுதான் இலக்கணம். நாமோ ஜெர்மனுக்கும் சொல்லட்டை, தமிழுக்கும் சொல்லட்டை என்று பிள்ளைகளிடம் சொற்பட்டியலை நீட்டுகிறோம். வீட்டிலும் தமிழ் குறைகிறது. சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. சொல்வதெழுதுதலில் ‘கரண்டி’ என்று பிழையின்றி எழுதும் பிள்ளை, சாப்பிடும்போது ‘ஸ்பூன்’ கேட்கிறது. வேலைக்குப் போகாத சொல் நினைவில் தங்காது. ஜெர்மன் ஆசிரியர் பெயர்ச்சொல்லை வாக்கியத்தோடு சொல்லித்தரட்டும். தமிழுக்கு அந்த வேலையைச் சாப்பாட்டு வேளையில் பெற்றோர் செய்யலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, தேர்வும் இல்லை.