உரிப்பது வெயிலில், துடைப்பது நிழலில்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் நெடுஞ்சாலையில், மலையை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்கு வரும் வண்டிகள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கக் கிளம்பும் வண்டிகள். தமிழ்நாட்டுக் கார்களின் கண்ணாடியில் என்னவெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த நாட்களில் இங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்றால் போதும். குலதெய்வம், நடிகர், கட்சித் தலைவர், சங்கத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், போன வருடத்து விழாவுக்கு வாங்கிய வாகன அனுமதிச் சீட்டு, அதற்கு முந்தைய வருடத்துச் சீட்டில் பாதி.

அந்தப் பாதிச் சீட்டுதான் வம்பு. யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்து, முடியாமல் விட்டது. மேல்தாள் போய்விட்டது, அடியில் இருந்த பசை அங்கேயே இருந்து, சாலைத் தூசியை வாங்கி, கறுத்த திட்டாகிவிட்டது.

ஸ்டிக்கர் எடுப்பது ஒரே வேலை என்று நினைப்பதால் வருகிற சிக்கல் இது. உண்மையில் அது இரண்டு வேலை. மேலே இருக்கும் தாளையோ பிளாஸ்டிக்கையோ உரிப்பது ஒன்று. அடியில் இருக்கும் பசையைக் கரைப்பது இன்னொன்று. முதல் வேலைக்குச் சூடு வேண்டும். இரண்டாவது வேலைக்குச் சூடு ஆகாது.

காகிதத்தை உரித்து எடுத்துவிட்டு அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் லேபிள், 1935-இல் ஸ்டான்டன் ஏவரி என்ற அமெரிக்கர் செய்து விற்கத் தொடங்கியது. அதில் இருக்கும் பசை, மைதாப் பசை மாதிரி காய்ந்து இறுகுவதில்லை. எப்போதும் பாதி திரவமாகவே இருக்கும். அழுத்தும்போது கண்ணாடியின் மேல் மெல்லப் பரவிப் பிடித்துக்கொள்கிறது. மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் கட்டிப்பொருளைப் போல முறைத்துக்கொண்டு நிற்கும், மேலே இருக்கும் தாள் கிழிந்துவிடும். இதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் ஸ்டிக்கரை வளையும்படி வைத்திருக்கும் மென்மையாக்கும் பொருள் வருடக்கணக்கில் வெளியேறி, ஸ்டிக்கர் அப்பளம்போல் நொறுங்கும். மலிவான ஸ்டிக்கர்களில் இருக்கும் ரப்பர் வகைப் பசை காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகி இறுகிவிடும். புதிதாக ஒட்டியது சுலபமாக வருவதும் பழையது அடம்பிடிப்பதும் இதனால்தான்.

ஆகவே முதலில் சூடு. ஸ்டிக்கர் கடைகளில் ஹீட் கன் வைத்திருப்பார்கள். வீட்டில் ஹேர் டிரையர் போதும். சித்திரை, வைகாசியில் அதுவும் வேண்டாம், ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் கண்ணாடியே சுடும். தொட்டால் சுடுகிற அளவு போதுமானது. அதற்கு மேல் காய்ச்சினால் பசை அளவுக்கு மீறி இளகி, ஸ்டிக்கரைக் கைவிட்டுவிட்டுக் கண்ணாடியோடு தங்கிவிடும். ஒரு மூலையை நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டாலோ கிளப்பி, ஸ்டிக்கரைத் தன் மேலேயே மடித்து, கண்ணாடியை ஒட்டினாற்போல் பொறுமையாக இழுக்க வேண்டும். பாதியில் இறுகினால் மறுபடி சூடு காட்ட வேண்டும். காகிதச் சீட்டு என்றால் சூட்டைவிடச் சோப்புத் தண்ணீர் நல்லது. மேலே பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அதை முதலில் உரித்துவிட்டு, ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டால் தாள் கூழாகி வந்துவிடும். வெயிலில் சுடும் கண்ணாடியில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். முன் கண்ணாடியில் கல் பட்ட சின்னப் புள்ளி ஏற்கெனவே இருந்தால், அது அங்கிருந்து கோடாக ஓடும்.

இனி பசை. வண்டியை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். சுடுகிற கண்ணாடியில் எதைத் தடவினாலும் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும்.

பலாப்பழம் அறுப்பவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எதற்கோ, அதற்காகத்தான் இங்கேயும் எண்ணெய். பசைக்குள் எண்ணெய் இறங்கினால் அதன் பிடி தளரும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமியில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எதுவும் ஆகும். நனைத்த துணியைப் பசைமேல் போட்டு வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். தடவிய உடனே தேய்க்கத் தொடங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. நீலகிரித் தைலம் எண்ணெயைவிட வேகமாக வேலை செய்யும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரும் உதவும், அதில் இருக்கும் ஆல்கஹால் சிலவகைப் பசையை நன்றாக இளக்கும். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் இருந்தால் இரவில் எதிர் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறித் தெரியும்.

நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு சொட்டு வழிந்து பெயின்ட்டிலோ, ரப்பர் பீடிங்கிலோ, டேஷ்போர்டிலோ விழுந்தால் அந்த வடு போகாது. பெட்ரோல் தொட்டுத் துடைப்பது ஊரெல்லாம் பார்க்கிற வழக்கம்தான். மூடிய காருக்குள் அதன் ஆவி தீப்பற்ற ஒரு பொறி போதும் என்பதால் அதை நான் சொல்லமாட்டேன்.

பிளேடு? முன் கண்ணாடியில் பயன்படுத்தலாம். புது பிளேடு, சோப்புத் தண்ணீரில் நனைத்த கண்ணாடி, படுக்கை வாட்டில் ஒரே திசையில் தள்ளுதல், இவ்வளவுதான் விதி. பின் கண்ணாடியின் உட்பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே ஓடும் மெல்லிய கோடுகள் பனியை நீக்கும் டிஃபாகரின் மின்கம்பிகள். கண்ணாடிமேல் அச்சிட்டவை அவை. பிளேடு ஒரு கோட்டை அறுத்தால் அந்தக் கோடு வேலை செய்யாது. சன் ஃபிலிம் மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் பிளேடு ஆகாது. எஃகு நார் எந்தக் கண்ணாடிக்கும் ஆகாது.

சன் ஃபிலிம் என்றதும் 2012 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்குத் தடை விதித்தது. மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். அந்த மே மாதம் நாடு முழுக்கச் சாலையோரங்களில் போலீஸ் முன்னிலையில் ஃபிலிம் கிழிக்கப்பட்டது. அவசரத்தில் கிழித்ததால் பசையோடு வீடு திரும்பிய கார்களும் இருந்தன. ஸ்டிக்கரும் தப்பவில்லை. சென்னையில் 2024 மே 2 முதல், வாகனங்களிலும் நம்பர் பிளேட்டிலும் போலீஸ், பிரஸ், வழக்கறிஞர் என்றெல்லாம் அனுமதியின்றி ஒட்டியவர்கள்மேல் போக்குவரத்துக் காவல்துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. நம்பர் பிளேட் விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம்.

எடுக்கிற வேகத்தில் எடுக்கக் கூடாததையும் எடுத்துவிடக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் கண்ணாடியின் உட்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அழகுக்கு ஒட்டியதல்ல, பதிவெண் பலகையின் மூன்றாவது பகுதி அது. உரித்தால் சிதைந்துவிடும்படியே செய்திருக்கிறார்கள். ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்தால் டேக் செத்துவிடும். கழற்றிக் கையில் வைத்துக் காட்டலாம் என்பதும் நடக்காது. கண்ணாடியில் ஒட்டாத டேக்குக்கு இரட்டைக் கட்டணம் என்று 2024-இல் நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. 2025-இல் அப்படிக் கையில் காட்டப்படும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் உத்தரவிட்டது. சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு வருபவருக்குப் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் இது உறைக்கும். வங்கி மாற்றி வாங்கிய புது டேக் வந்துவிட்டது என்றால் மட்டும் பழையதைத் தாராளமாக உரிக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஸ்டிக்கர் இருந்த இடம் அச்சாகத் தெரிகிறதா? விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லையென்றால் அது பசை இல்லை. சுற்றியிருக்கும் கண்ணாடியில்தான் போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கிறது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. சம அளவு தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டு, பெயின்ட்டில் படாமல், கண்ணாடி முழுவதையும் துடைத்தால் அந்த அச்சு போகும்.