சாவியைக் கொடுக்கும் முன்...

ப்ளஸ் டூ முடிஞ்சாச்சு. காலேஜ் சீட்டும் கிடைச்சாச்சு. அடுத்து உங்கள் பிள்ளை கேட்கப்போவது என்ன? பைக்தான்! 'வாங்கித் தரலாமா, வேண்டாமா' என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். கடைசியில் பெரும்பாலும் பிள்ளைதான் ஜெயிக்கும். வாங்கித் தருவதில் தப்பில்லை. ஆனால், சாவியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலக அளவில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் சாலை விபத்துக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சலுக்குக் கவலைப்படும் நாம், இதற்கும் கொஞ்சம் கவலைப்பட வேண்டாமா?

ஏன் இந்த வேகம்?

'நில், யோசி' என்று நம்மைக் கட்டுப்படுத்துவது மூளையின் முன்பகுதி. அது முழுசாக முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகும். 'த்ரில்' தேடும் ஆசையோ டீன் ஏஜிலேயே விழித்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் பின் சீட்டு நண்பன், "இன்னும் கொஞ்சம் முறுக்குடா மச்சி" என்றால் கேட்கவே வேண்டாம்! "எம் பையன் சூப்பரா ஓட்டறான்" என்று பெருமைப்படுகிறீர்களா? கை பழகிவிட்டது, சரி. நிதானம் பழகிவிட்டதா?

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். செல்போனை இரண்டே விநாடி குனிந்து பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் தேவைப்படும்.

தலை தரையில் மோதினால் மண்டையோட்டுக்குள் மூளையும் குலுங்கி மோதுகிறது. வெளியே காயமே தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம், மூளை வீங்கலாம். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கி, அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், விழும்போது ஹெல்மெட் தனியே பறந்துவிடும்!

வீட்டுச் சட்டம் போடுங்கள்

நியூஸிலாந்தில் 1987-ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். புதிதாக ஓட்டும் இளைஞர்கள் ஆரம்பத்தில் இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. பழகப் பழகத்தான் முழு சுதந்திரம். இளைஞர்களின் விபத்துகள் குறைந்ததால் பல நாடுகள் இதைப் பின்பற்றின. நாமும் வீட்டிலேயே இப்படிச் செய்யலாமே!

* முதல் மாதம்: காலை நேரம், பழகிய தெருக்கள் மட்டும்.
* அடுத்த சில மாதங்கள்: பகலில் காலேஜுக்கு. பின்னால் நண்பர்கள் வேண்டாம்.
* அதன்பிறகு: மெயின் ரோடு, மழை, இரவு. ஒவ்வொன்றையும் முதல்முறை நீங்கள் பின்னால் உட்கார்ந்து பழக்குங்கள்.
* ஹெல்மெட் இல்லாமல் போனால் ஒரு வாரம் பஸ்தான். இதில் தாட்சண்யமே கூடாது.

18 வயது ஆகவில்லையா?

"பக்கத்துத் தெருக் கடைக்குத்தானே" என்று சாவியைத் தராதீர்கள். 16 வயதில் லைசென்ஸ் எடுத்தாலும் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிதான் ஓட்டலாம். இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேல். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு நீங்கள் போனால், பிள்ளையும் அப்படித்தான் போவான். அம்மாக்களுக்கும் ஒன்று. பிள்ளை கிளம்பிய பத்தாவது நிமிஷம் "எங்கடா இருக்கே?" என்று போன் அடிக்காதீங்க. போய்ச் சேர்ந்ததும் அவனே கூப்பிடட்டும். அதுவரை கொஞ்சம் பொறுத்திருங்கள்!