தாம்பரத்தில் குட்டிக் குழந்தைகள் எந்த ஏரியாவில் அதிகம்?

மேற்குத் தாம்பரமா, செம்பாக்கமா, பம்மலா? ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகள் எங்கே அதிகம்னு வார்டு வாரியாகப் பார்க்கணும்னா, நாம் புரட்ட வேண்டியது 2011 சென்சஸ். அதில் குழந்தைகளாக எண்ணப்பட்டவர்களில் மூத்தவங்க இப்போ ஓட்டே போடுறாங்க.

அந்த வார்டுகளும் இப்போ இல்லை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. இப்போ மொத்தம் 70 வார்டுகள். பழைய கணக்கு இந்த எல்லைகளுக்குள் அப்படியே பொருந்தாது.

தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அங்கன்வாடி எங்கே வரணும் என்பது இதில்தான் இருக்கு. விதிப்படி 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். கவனிங்க, இது மொத்த மக்கள்தொகை. குழந்தைகளின் எண்ணிக்கை இல்லை. 2011-ல் தமிழ்நாட்டில் 100 பேருக்கு சுமார் 10 பேர் 0-6 வயதினர். அதன்படி 800 பேருக்கு 80 குழந்தைகள். ஆனால் சராசரி எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ரிட்டயர் ஆன பெற்றோர் மட்டும் வாழும் தெருவும் 800 பேர்தான். இளம் தம்பதிகள் ஒற்றை ரூமில் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளும் 800 பேர்தான். விதிக்கு இரண்டும் ஒண்ணு.

பக்கத்தில் பெரும்பாக்கத்தைப் பாருங்க. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டாங்க. 2011 கணக்கில் அவங்க பெரும்பாக்கத்தில் கிடையாது.

அங்கன்வாடிப் பணியாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறாங்களே? எடுக்கிறாங்க, தங்கள் மையத்துக்கு உட்பட்ட பகுதியில். மையமே இல்லாத இடம்தான் சிக்கல்.

அதற்கும் ஒரு வழி இருக்கு, பலருக்குத் தெரியாது. மையம் இல்லாத கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயசுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, மக்கள் கேட்டால், 3 மாசத்துக்குள் அங்கன்வாடி தரணும்னு 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த சென்சஸுக்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. வார்டு வாரி விவரம் அதற்குப் பிறகுதான் வரும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் எழுதி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுவோடு கொடுங்க. நாலைந்து தெரு சுற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே 40 பேர் தேறலாம்.