வளவை வரையும் பிள்ளை

"படிக்கிற நேரத்தில் கீறிக்கொண்டிருக்கிறாயே, இது சோறு போடுமா?" இடம்பெயர்ந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விதைநெல்லையும் விட்டுவிட்டு வந்த தகப்பன் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனாலும் பதில் சொல்லுமுன் சற்றுச் சிந்திப்போம்.

புல்மோட்டை இடப்பெயர்வை நன்கு அறிந்த பகுதி. அயலிலுள்ள தென்னமரவாடி மக்கள் 1984இல் வயலையும் மாட்டையும் விட்டு ஓடினார்கள். 2009இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றோர் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இப்படி வந்தவர்களில் பலருக்கு விட்டு வந்த வளவு மனதில் மட்டுமே மிஞ்சியது.

மனதில் உள்ளதைத் தாளில் இறக்கலாம் என்று காட்டியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஓவிய ஆசிரியர் தா. சனாதனன். இடம்பெயர்ந்த தமிழர், முஸ்லிம்களிடம் அவர் தாளைக் கொடுத்து, இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். கிணறு, படலை, அடுக்களை எல்லாம் தாளில் வந்தன. கட்டடக் கலைஞர் அதை அளவுப்படமாக்கினார். சனாதனன் தம் ஓவியத்தையும் சேர்த்தார். 2011இல் அது ஆங்கிலத்தில் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் பெயரோடு நூலாயிற்று. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு.

ஓவியம் இழந்ததை மீட்டால், புகைப்படம் இன்றிருப்பதைக் காட்டும். யாழ்ப்பாணத்து இளைஞர் தர்மபாலன் திலக்சன், கிழக்கிலே குப்பைமேட்டில் இரை தேடும் யானைக் கூட்டத்தைப் படம் பிடித்தார். 2020இல் பிரித்தானிய உயிரியல் கழகத்தின் போட்டியில் அது முதலிடம் பெற்றது. காடு சுருங்கினால் யானை எங்கே போகும் என்பது வேளாண்மை செய்யும் நமக்குப் புதிய கேள்வியல்ல. அதை உலகின் முன் வைத்தது ஒரு கமரா.

மூன்றாவது வழி விளையாட்டு அமைத்தல். கனடாவின் ரொறன்ரோவில் ஒரு சிறு குழு 2023இல் 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் கதை அது. அவளுடைய தாயின் சமையற் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை விளையாடுபவரே ஊகித்து இட்லியும் புட்டும் சமைக்கவேண்டும். குழலில் எதை முதலில் இடுவது என்பதே அங்கே புதிர். சுட்டுத் தள்ளும் விளையாட்டல்ல அது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டாகத் தெரிவாயிற்று.

பார்க்கும் கண், கீறும் கை, ஒழுங்குபடுத்தும் அறிவு ஆகிய மூன்றும் ஒரே பிள்ளையிடம் வளரலாம். பாடசாலையில் சித்திரம் ஒரு பாடம். மேலே படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் உண்டு. கைத்தொலைபேசியின் கமரா போதும் தொடங்க. விளையாட்டு அமைக்க 'ஸ்கிராட்ச்', 'கொடோட்' போன்ற மென்பொருட்கள் இலவசம். கணினி இல்லாவிட்டால் மட்டையில் கட்டம் கீறி, புளியங்கொட்டை வைத்துத் தொடங்கலாம். எல்லோருக்கும் இது தொழிலாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இது வீண்வேலையல்ல.

பெற்றோரே, இன்றிரவு ஒன்று செய்யுங்கள். பிள்ளையை அருகில் இருத்தி, விட்டு வந்த வளவைச் சொல்லச் சொல்லக் கீறவையுங்கள். வரம்பு எங்கே, கிணறு எங்கே, எல்லையில் நின்ற மரம் எது, பக்கத்து வயல் யாருடையது என்று பெயரோடு குறியுங்கள். பாட்டி, அப்பு இருந்தால் அவர்களையும் கேளுங்கள். ஓரத்தில் திகதியை எழுதுங்கள். அந்தத் தாள் காணி உறுதிக்கு ஈடாகாது. உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் தனியே பத்திரப்படுத்துங்கள். ஆனால் அந்த மண்ணை மிதித்தறியாத பிள்ளைக்கு அதன் வழி தெரியும். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைக் கீறிவிட வேண்டும்.