சத்திரக்காரனின் கணக்கு

நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அந்த உவமையில் மற்றொருவனும் இருக்கிறான். மறுநாள் சமாரியன் புறப்பட்டுப் போனபின், அவன் தந்த இரண்டு தெனாரியத்தைக் கொண்டு, முன்பின் அறியாத காயம்பட்ட ஒருவனைப் பேணிய சத்திரக்காரன் அவன். பெரிய தொண்டு நிறுவனமொன்றில் பணிபுரிவது எப்படிப்பட்டது என்று வினவுவோருக்கு நாங்கள் காட்டுவது இவனைத்தான். பணம் பிறருடையது, நோயாளி உறவினன் அல்லன், கணக்கு மட்டும் நம்முடையது.

அன்பு செய்வதற்கு அலுவலகமும் பேரேடும் எதற்கு என்று கேட்பாருண்டு. ஒருவன் பசித்திருந்தால் அடுத்த வீட்டார் சோறிடலாம். ஊரே பசித்திருந்தால்? இந்தக் கேள்விக்கு விடை காணவே லாரன்ஸ் வெர்த்மன் என்னும் குருவானவர் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்க அறப்பணிகளை ஒன்றிணைத்துக் 'காரித்தாஸ்' அமைப்பை நிறுவினார். 1951-இல் அது அனைத்துலகக் கூட்டமைப்பாயிற்று. 1962-இல் நம் ஆயர்கள் காரித்தாஸ் இந்தியாவைத் தோற்றுவித்தனர். இன்று 160-க்கும் மேற்பட்ட தேசிய அமைப்புகள் இக்குடும்பத்தில் உள்ளன.

நாங்கள் ஊழியம் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. நாங்கள் கற்ற பாடமே போதும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது; வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் பலர். நாட்டின் பல திசைகளிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. ஆனால் வந்தவையெல்லாம் உதவியாகவில்லை. உடுத்த இயலாத பழந்துணிகள் சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. உழைத்துண்டு வாழ்ந்த மக்கள் அவற்றைத் தொடவும் கூசினர்.

பிறரன்புக்கும் அளவுகோல் உண்டென்பதை அங்கே அறிந்தோம். தொண்டு நிறுவனங்கள் கூடி 1997-இல் தொடங்கிய 'ஸ்பியர்' திட்டத்தின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், தங்குவதற்கு 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும். பகலெல்லாம் குடங்களையும் கூரைகளையும் எண்ணினோம். இரவெல்லாம் இரசீதுகளை எண்ணினோம். கண்ணீரைத் துடைக்க வந்த நாம் கணக்கப்பிள்ளைகளாகி விட்டோமே என்று மனம் சலித்ததும் உண்டு.

ஒருநாள் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பொருள்களை வழங்கிக்கொண்டிருந்தோம். ஊர்ப் பஞ்சாயத்தார் தந்த பட்டியலின்படி, படகும் வலையும் இழந்தோர் வரிசையாய் நின்றனர். வரிசைக்கு வெளியே மூதாட்டி ஒருவர் நெடுநேரம் நின்றார். உப்பளத்தில் கூலி வேலை செய்த கைம்பெண். அவருக்குப் படகுமில்லை, வலையுமில்லை. ஆகையால் பட்டியலில் பெயருமில்லை. நிலைமையை விளக்க முற்பட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "தம்பிகளா, அலை வந்தப்ப பேரைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? நீங்க மட்டும் பேரைக் கேக்குறீங்களே!" என்றார்.

எங்களிடம் மறுமொழி இல்லை. பட்டியலைத் தந்தவர்கள் மீது பழி போடலாம். ஆனால் அதைச் சரிபாராமல் ஏற்றவர்கள் நாங்களே. அன்று மாலை வீடு வீடாகச் சென்றோம். இவ்வாறே விடுபட்ட கூலித் தொழிலாளர் குடும்பங்கள் அவ்வூரின் பின்புறத்தில் இன்னும் இருந்தன. அவர்களுக்கு உரியதை வழங்க மேலும் பல நாள்கள் ஆயின. அந்நாள்களில் அவர்கள் பட்ட பசியை எந்தப் பேரேட்டிலும் எங்களால் ஈடு செய்ய இயலாது.

தொடக்கத் திருச்சபையிலும் இதுவே நேர்ந்தது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழியினர் முறையிட்டனர் எனத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. திருத்தூதர்கள் அதனை அற்பக் காரியமென்று ஒதுக்கவில்லை. நற்சான்றும் ஞானமும் தூய ஆவியும் நிறைந்த எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். பட்டியலைச் சரிபார்ப்பதும் தூய ஆவியின் துணையை வேண்டும் பணியே என்பதை அதன்பின் நாங்கள் ஐயுறவில்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் கையெழுத்திட்ட தம் முதல் சுற்றுமடலில், அறப்பணியாளருக்குத் தொழில் திறமை இன்றியமையாதது என்றும், ஆயினும் அது மட்டும் போதாது, இதயமும் பயிற்சி பெற வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். மதம் மாற்றும் கருவியாக அன்பைப் பயன்படுத்தலாகாது என்றும் தெளிவுபடுத்தினார். திறமையற்ற இரக்கம் பழந்துணிக் குவியலாகும். இரக்கமற்ற திறமை மூதாட்டியை வரிசைக்கு வெளியே நிறுத்தும். இரண்டையும் நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

தவக்காலத்தில் உங்கள் பிள்ளைகள் தின்பண்டத்தைத் துறந்து சேர்க்கும் சிறு காசும் அந்த இரண்டு தெனாரியத்தைப் போன்றதே. அதை மனமுவந்து தாருங்கள். அது எவ்வாறு செலவாயிற்று என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கை அன்று. சமாரியன் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் சென்றான். அவன் வரும் நாளில், சத்திரக்காரனிடம் செலவுக் கணக்கை மட்டுமா கேட்பான்? நோயாளி எப்படி இருக்கிறான் என்றல்லவா முதலில் கேட்பான்!