நீல வழித்தடத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல் ஆராய்ச்சி

எங்க பக்கத்தில் 'ஓட்டல்' என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடம் லாட்ஜ். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷம் குடியிருந்தவனிடம் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் பூரி எங்கே நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வான். லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் போன் பண்ணி அதே கேள்வியைக் கேட்டபோது நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

"அது இல்ல மச்சான். ஃபைவ் ஸ்டார். என் மேனேஜரும் அவர் வொய்ஃபும் தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாங்க. மூணு நாள் தங்கணும். மெட்ராஸ்ல எது பெஸ்ட்?"

கல்யாண மண்டபம் எங்கள் பேட்டையில். முகூர்த்தம் காலை ஏழரைக்குள். கடைசியில் கொஞ்சம் தயங்கி அவனே கேட்டான், "நம்ம பக்கம் ஒண்ணுமே கிடையாதா?"

கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஐந்து நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று தேடப் போனதில்தான், எந்த ஓட்டல் நல்லது என்பதற்கும் பதில் கிடைத்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் இந்த நட்சத்திர விவகாரம். இந்தியாவில் நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கமிட்டி. ஒன்றிலிருந்து ஐந்து வரை, அதற்கு மேல் 'ஃபைவ் ஸ்டார் டீலக்ஸ்'. கமிட்டி கையில் ஒரு பட்டியல் இருக்கும். அறை எத்தனை சதுர அடி, லிஃப்ட் உண்டா, நீச்சல் குளம் உண்டா, இப்படி டிக் அடித்துக்கொண்டே போவார்கள். ஓட்டல்காரர் விண்ணப்பித்தால்தான் கமிட்டியே வரும், கட்டாயம் கிடையாது. பிரான்சிலும் இதே போல ஐந்து வரைதான். ஆனால் பாரிசில் ஐந்து நட்சத்திரம் பெருகிப்போய் யார் பெரியவர் என்ற சண்டை வந்ததோ என்னவோ, 2010-லிருந்து அதற்கும் மேலே 'பேலஸ்' என்று ஒரு பட்டத்தை அரசாங்கமே உண்டாக்கிவிட்டது. துபாயில் ஏழு நட்சத்திரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படி ஒரு தரம் எந்த அரசாங்கக் கணக்கிலும் இல்லை.

ஆக, ஐந்து நட்சத்திரம் என்பது பாஸ் மார்க் மாதிரி. பாஸ் ஆனவர்களுக்குள் யார் எப்படி என்பதை அது சொல்லாது. கன்னிமராவும் கிராண்ட் சோழாவும் ஒரே வரிசையில் நிற்கும். ஆனால் இரண்டும் ஒன்றா என்ன?

வாடகையை வைத்து ஒப்பிடலாமே என்றால் அதில் ஒரு சின்ன வலை இருக்கிறது. பிரிட்டனில் விளம்பரப்படுத்தும் அறை வாடகையில் 20 சதவீத வாட் வரியைச் சேர்த்தேதான் காட்ட வேண்டும். இங்கே இணையத்தில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் வரி சேர்க்காத தொகை. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. லண்டன் விலையையும் சென்னை விலையையும் பக்கத்தில் வைத்து "அடேங்கப்பா, எவ்ளோ சீப்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, வேறு எதை வைத்து ஒப்பிடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன். விமான நிலையம் போகிற நீல வழித்தடம். மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல், அரசினர் தோட்டம், எல்ஐசி என்று வண்டி போகப் போக ஒன்று உறைத்தது. இந்த ஊரின் பெரிய ஓட்டல்கள் ஏறக்குறைய இதே வழியில்தான் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்திருக்கின்றன. வெளியூர்க்காரன் எங்கே வந்து இறங்குகிறானோ, அதற்குத் தோதாகத்தான் ஓட்டலும் கட்டுவார்கள்.

ஆரம்பத்தில் எல்லாரும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டி, நனைந்து, கோட்டைக்கு எதிரே கரையில் வந்து விழ வேண்டும். அதனால் டாவர்ன்கள் கோட்டையை ஒட்டியே இருந்தன. இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் 1795-ல் வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்சாகத் தொடங்கியது, அதற்குள்ளேயே ஒரு காபி டாவர்ன் இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் விருந்தாளி முதலில் கால் வைத்த இடம் நம்ம பக்கம்தான்.

அடுத்து ரயில். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ராயபுரத்தைச் சுற்றி ஒரு பெரிய ஓட்டல் வந்திருக்க வேண்டிய காலம் அது. லண்டனில் அப்படித்தான் நடந்தது. பாடிங்டன் ஸ்டேஷனை ஒட்டி கிரேட் வெஸ்டர்ன் ராயல் ஓட்டல் 1854-லேயே திறந்தாயிற்று. ரயில் கம்பெனிகளே ஓட்டல் கட்டின. இங்கே காசுள்ளவர்கள் அதற்கு முன்பே மவுண்ட் ரோடு பக்கம் தோட்ட பங்களாக்களுக்குக் குடிபோய்விட்டார்கள். ராயபுரம் சரக்குக்கும் கூட்டத்துக்கும் என்று ஆனது. 1873-ல் சென்ட்ரல் வந்ததும் பெரிய மனிதர்கள் ராயபுரத்தில் இறங்கவேண்டிய அவசியமும் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் பம்பாயில் இறங்கி ரயிலில் மெட்ராஸ் வர ஆரம்பித்தார்கள். பம்பாயில் 1903-ல் கடலைப் பார்த்து தாஜ்மகால் ஓட்டல் எழும்பியதும், மெட்ராசில் கடலோரம் அப்படி ஒன்று எழும்பாததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ரயில் கால விருந்தாளிக்கான ஓட்டல்தான் கன்னிமரா. எல்ஐசி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பின்னி ரோடு. பெயரைக் கவனியுங்கள். பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் மில்களை நடத்தியதே, அதே பின்னி. மில்லும் சங்கும் வடக்கே, பெயர்ப்பலகை தெற்கே! 1854-ல் இம்பீரியல் என்று தொடங்கி, 1886-ல் ஆல்பனி ஆகி, 1890-ல் அன்றைய கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயருக்கு மாறியது. பிறகு ஸ்பென்சர் கைக்குப் போனது. இப்போது பார்க்கிற ஆர்ட் டெகோ முகப்பு 1937-ல் வந்தது. 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கைவைத்தார். 1984 முதல் தாஜ் நிர்வாகம். பெரிய புதுப்பிப்பு முடிந்து 2018-ல் மறுபடி திறந்தார்கள்.

இதே மவுண்ட் ரோட்டில் டி'ஏஞ்சலிஸ் என்று ஒரு ஓட்டல் கொடிகட்டிப் பறந்தது. அதன் முதலாளி 1910-ல் சிம்சன் கம்பெனியில் விமானம் ஒன்றைச் செய்ய வைத்துத் தானே ஓட்டிக் காட்டியவர். அந்த ஓட்டல் இன்று இல்லை. கன்னிமரா மட்டும் எப்படித் தப்பியது?

லண்டனில் ஒரு ஓட்டலின் கதையைப் படித்தால் இது விளங்கும். செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேஷன் முகப்பாக நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் 1873-ல் திறந்தது. கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த, கோயில் கோபுரம் மாதிரி வேலைப்பாடு கொண்ட கட்டடம். முந்நூறு அறை. குளியலறைகளோ கைவிரலில் எண்ணிவிடலாம். வருகிறவர்களுக்கு வேலைக்காரர்கள் வெந்நீர் சுமந்து வந்து அறையிலேயே தொட்டியில் ஊற்றுவார்கள், அதுதான் அன்றைக்கு சொகுசு. 1889-ல் தேம்ஸ் கரையில் சவாய் திறந்தது. மின்விளக்கு, மின்சார லிஃப்ட், குழாயைத் திறந்தால் வெந்நீர். அவ்வளவுதான், மிட்லண்டின் சொகுசு பழசாகிவிட்டது. தீப்பிடிக்காதபடி கெட்டியாகக் கட்டிய தளங்களை உடைத்துக் குழாய் இழுக்கவும் முடியவில்லை. 1935-ல் மூடி ரயில்வே ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். பாரிசுக்குப் போகிற ரயில் அந்த ஸ்டேஷனுக்கு வந்த பிறகு, 2011-ல்தான் மீண்டும் ஓட்டலாகத் திறந்தது.

கன்னிமரா இடித்துக் கட்டி, சேர்த்துக் கட்டிப் பிழைத்தது. அதனால்தான் அங்கே தங்கப்போகிறவர் எந்தப் பகுதியில் அறை என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்வது நல்லது. ஒரே பெயர்ப்பலகைக்குள் வேறு வேறு காலத்து அறைகள் இருக்கின்றன.

இனி விமானக் காலம். 1974-ல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல். அடுத்த வருஷமே கதீட்ரல் ரோட்டில் சோழா ஷெரட்டன், ஐடிசி நடத்திய முதல் ஓட்டல் அது. இவை மீனம்பாக்கத்தில் இறங்கி, இரண்டு மீட்டிங் முடித்து, மறுநாள் கிளம்புகிற கம்பெனி அதிகாரிக்குக் கட்டியவை. கோரமண்டலில் இருநூற்றுச் சொச்சம் அறைதான். தோட்டம், வராந்தா என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். ஆனால் இந்த ஊரில் உபசரிப்புக்குப் பெயர் வாங்கியது அதுதான் என்று அடிக்கடி தங்குகிறவர்கள் சொல்கிறார்கள்.

2012-ல் கிண்டியில் கிராண்ட் சோழா. 600 அறைகள். சோழர் கோயில்களை நினைத்துக் கட்டிய தூண்களும் பளிங்கும். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'எவ்வளவு நடக்கணும்!' என்பதுதான். மாநாடு, பெரிய இடத்துக் கல்யாணம், வெளிநாட்டுத் தூதுக்குழு, இதற்கெல்லாம் இது சரி. அடுத்த வருஷம் எம்ஆர்சி நகரில் லீலா பேலஸ் திறந்தது, செட்டிநாட்டு வீடுகளின் சாயலில். அறையிலிருந்து வங்கக் கடல் தெரியும். ஓய்வெடுக்க மட்டும் வருகிறவருக்கு நான் லீலாவைத்தான் சொல்வேன். மெட்ரோ மட்டும் கிடையாது.

இதை எல்லாம் அத்தை மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். படிக்கப் போன புதிதில் அவன் லண்டனில் ஒரு பெரிய ஓட்டலில் பகுதி நேரமாக அறை சுத்தம் செய்தவன். "பில்டிங் எல்லாம் விடு மச்சான். ஒரு ஆள் ஒரு ஷிஃப்ட்ல எத்தன ரூம் பண்றாங்கன்னு பாரு. எனக்கு 14 ரூம் குடுத்தாங்க. பெட்ஷீட் மாத்தி, பாத்ரூம் தேய்ச்சு, தலகாணி நிமித்தி வெச்சா அரை மணி நேரம் காலி. அவசரத்துல என்ன நீட்டா வரும்?"

இது எந்தப் பட்டியலிலும் இல்லாத அளவுகோல். சம்பளம் அதிகமான லண்டனில் ஆட்களைக் குறைப்பார்கள். இங்கே சம்பளம் குறைவு, அதனால் ஆட்கள் அதிகம். சென்னையில் கூடுதல் தலையணை கேட்டால் உடனே வந்து நிற்கிறதே, அந்தச் சொகுசில் பாதி யாரோ ஒருவருக்குக் கிடைக்கும் குறைந்த சம்பளம்தான். ஒப்பிடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பெட்ஷீட் என்றதும் எங்கள் பேட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்பெனிக்காரர்கள் லண்டனுக்கு அனுப்பிய பருத்தித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு இது, பெயரே அதில் வந்ததுதான். பக்கத்தில் காலாடிப்பேட்டை, கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். லண்டன் வீடுகளின் கட்டிலுக்கு இங்கே வெளுத்த துணி போயிருக்கிறது. அங்கிருந்து ஒருவர் வந்தால் படுக்க வைக்க இங்கே ஒரு கட்டில் இல்லை.

இடம் இல்லாமல் இல்லை. வடசென்னையிலும் சொகுசு இருந்திருக்கிறது. கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வுக்குப் போன இடம் எண்ணூர். உப்பங்கழி, படகு, கடல்காற்று. அங்கே இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம் என்று ஊருக்குத் தேவையானதையெல்லாம் இந்தப் பக்கம் வைத்தார்கள். அந்த ஆலைகளுக்கு வேலையாக வருகிற வெளிநாட்டு இன்ஜினீயர்கூட கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ தங்கி, காலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி, ஆலைக்கு வந்து சேர்கிறார். ஓட்டலுக்கான விருந்தாளி இருக்கிறார். அவர் ராத்திரி இங்கே தங்க விரும்பவில்லை.

முடிவாக நான் சொன்னது கன்னிமரா. காரணம் பழமையோ கவர்னர் பெயரோ இல்லை. கிராண்ட் சோழாவிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், அதுவும் காலை நேரத்தில் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். லீலாவிலிருந்து கார்தான். எல்ஐசியிலிருந்து வண்ணாரப்பேட்டை ஐந்தாவது ஸ்டேஷன்.

முகூர்த்த நாள் காலையில் மேனேஜரும் மனைவியும் மெட்ரோவிலேயே வந்தார்கள். நான் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து மண்டபத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியில் அந்த அம்மா "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். தான் கட்டியிருந்த புதுப் பருத்திப் புடவையின் தலைப்பை ஒரு தரம் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அத்தை மகன். "அடுத்த தடவை வந்தா இங்கயே தங்கணும்னு சொல்றாங்க மச்சான், எங்க தங்க வைக்கிறது?" என்றான். எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வெந்நீருக்கு ஹீட்டர் மட்டும் போடணும் என்றேன்.